நீலம் பாரித்த நோட்டுக்கட்டு

அத்தியாயம் 5

வெங்கடேஷ் மிளகாய் பஜ்ஜியை வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் விட்டுத் தள்ளலாம். இவன் பஜ்ஜிக்காகவே ஏற்காட்டு கேஸ்களாகப் பார்த்து எடுக்கச் சொல்கிறவன். ஒண்டிக்கடை பஸ் ஸ்டாப் முக்கில் பனி இறங்கி எதிரே நிற்கிற பஸ்கூடத் தெரியவில்லை, அதன் ஹார்ன் மட்டும்தான் கேட்கிறது. அப்படி ஒரு குளிரில், எண்ணெய்ச் சட்டியிலிருந்து நேராக வந்த பஜ்ஜியைத் தட்டோடு தள்ளி வைத்தால் கடைக்காரருக்குச் சந்தேகம் வராதா?

“ஏம்மா ருக்சானா, பையனுக்குக் காய்ச்சலா?” என்றார் சையத் இப்ராஹிம்.

“காய்ச்சலா இருந்தா மாத்திரை வாங்கிக் குடுத்துடலாம் மாமா. இது வாயால வந்த வியாதி,” என்றாள் ருக்சானா.

சேலம் அம்மாபேட்டையில் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன ஆபீஸ் போட்டுத் துப்பறிகிறவள் ருக்சானா. நாற்பது வயது. மூக்குக் கண்ணாடி, தோளில் ஒரு பெரிய தோல் பை. அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்கே முழுசாகத் தெரியாது. சையத் இப்ராஹிம் அவளுடைய தாய்மாமன். பாதி மளிகை, பாதி டீக்கடையாக அவர் நடத்தும் கடைதான் மலைக்கு வந்தால் இவர்களுக்கு முகாம். வெங்கடேஷ் அவளுடைய அசிஸ்டென்ட். ஆள் தேட, பைக் ஓட்ட, பின்தொடரச் சம்பளம் வாங்குகிறான். பேசுவது மட்டும் இலவசம். அவன் வாய்க்குப் பூட்டுப் போட்டால் சாவியும் சேர்ந்து பேசும்.

அந்த வாய்தான் நேற்று ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்திவிட்டது.

நடந்தது இதுதான். தேன்பாறை எஸ்டேட்டில் சனிக்கிழமை தோறும் கூலியைக் கையில் பணமாகக் கொடுப்பது வழக்கம். அக்கவுண்டில் போட்டால், ஏடிஎம்முக்கு வந்து போவதற்குள் அரை நாள் கூலி போய்விடும் என்று பெண்கள் ஒத்துக்கொள்வதில்லை. ஆடி மாசத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் மாரிசாமி பேங்க்கிலிருந்து கூலிப் பணத்தைக் கட்டாக எடுத்து வந்து ஆபீஸ் பீரோவில் வைத்தார். மறுநாள் காலையில் பீரோ பூட்டு உடைந்து கிடந்தது, பணத்தைக் காணோம். போலீஸ் வந்தது, பூட்டைப் பார்த்தது, டீ குடித்தது, போய்விட்டது. ஐப்பசி பிறந்தும் துப்பு இல்லை என்று எஸ்டேட் முதலாளி ரஞ்சித் ருக்சானாவைக் கூப்பிட்டார்.

நேற்று ரைட்டரையும் கூட்டிக்கொண்டு ருக்சானாவும் வெங்கடேஷும் பேங்க்குக்குப் போனார்கள், அந்த வெள்ளிக்கிழமை எடுத்த கட்டுகளைப் பற்றி விசாரிக்க. அப்போதுதான் ராசம்மாள் உள்ளே வந்தாள். கிளியூர்க்காரி, தேன்பாறையில் கூலி வேலை, ஆபீஸ் கூட்டுவதும் அவள்தான். மேனேஜர் கவிப்பிரியாவின் மேஜையில் ஒரு மஞ்சள் பையை வைத்துப் பிரித்தாள்.

உள்ளே ஒரு நோட்டுக்கட்டு. எல்லாம் ஐநூறு ரூபாய். விஷம் குடித்தவன் உடம்பு மாதிரி நீலம் பாரித்து, ஒன்றோடு ஒன்று ஒட்டிச் செங்கல்லாக இறுகிப் போயிருந்தது.

“மவளுக்குச் சேலத்துல நர்ஸ் காலேஜ்ல எடம் கெடச்சிருக்குதுங்க. சேத்து வச்ச பணம். கெட்டுப் போச்சுங்க,” என்றாள். குரல் மேஜையைத் தாண்டவில்லை.

கவிப்பிரியா நல்ல மாதிரி. “கெட்டுப் போகலம்மா. மேலயும் அடியிலயும் தனியா வர்ற நோட்டை இங்கயே மாத்தித் தரேன், காலேஜுல மொத தவணை கட்டிடலாம். ஒட்டிக்கிட்டத நாம பிரிக்கக் கூடாது. பிரிச்சாக் கிழியும், கிழிஞ்சா மதிப்பு போயிடும். அப்படியே கட்டி சென்னைக்கு, ரிசர்வ் பேங்க்குக்கு அனுப்பணும். அவங்க பாத்து அளந்து பணம் தருவாங்க. எப்படி இப்படி ஆச்சுன்னு மட்டும் சொல்லுங்க, எழுதிக்கறேன்.”

ராசம்மாள் மஞ்சள் பையை மடித்தாள். “மழைங்க. ஊடு ஒழுகுச்சு.”

அங்கேதான் நம்மாள் வாயைத் திறந்தான். ஹால் நிறைய ஆட்கள். வெங்கடேஷுக்குக் கூட்டம் இருந்தால் போதும், நாக்கு தானாக நடனமாடும்.

“மழையா? ஏனுங்கக்கா, எஸ்டேட் பீரோவுக்குள்ள மழை பேஞ்சுதுங்களா?”

ஹாலே சிரித்தது. வாசல் செக்யூரிட்டிகூடச் சிரித்தார். ரைட்டர் மாரிசாமியும் சிரித்தார். அப்புறம் அவர் சிரிப்பு சட்டென்று நின்றது. மேஜைக்குக் கிட்டே வந்து நோட்டுக்கட்டை உற்றுப் பார்த்தார்.

“மேடம், தம்பி சொல்றது வெளையாட்டு இல்லீங்க. இது எங்க பணமாட்டம் இருக்குதுங்களே!”

அவ்வளவுதான். கவிப்பிரியா கட்டை உறையில் போட்டு டிராயரில் வைத்துப் பூட்டினாள். மறுநாள் மதியத்துக்குள் எஸ்டேட்டிலிருந்து புகார் வந்தால் ஸ்டேஷனுக்குப் போகும், வராவிட்டால் ரிசர்வ் பேங்க்குக்குப் போகும் என்று சொல்லிவிட்டாள். சாயங்காலத்துக்குள் ராசம்மாளுக்குக் கிளியூரில் ‘நீல நோட்டுக்காரி’ என்று பேர் விழுந்துவிட்டது. வேலைக்கு வர வேண்டாம் என்று எஸ்டேட்டிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். காலேஜ் போக இருந்த மகள் தீபிகா ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டவள்தான், சாப்பிடவும் வெளியே வரவில்லை.

இதெல்லாம் தெரிந்த பிறகு பஜ்ஜி எப்படி இறங்கும்?

“சும்மா தமாசுக்குத்தான் மேடம் சொன்னேன்,” என்றான் வெங்கடேஷ், இந்தக் காலையில் நாலாவது தடவையாக.

“அதை எங்கிட்ட ஏன் சொல்ற? எங்க ஊட்டுல யாரும் கதவைச் சாத்திக்கிட்டு உக்காரல. எந்திரி, கிளியூர் போலாம்.”

* * *

ராசம்மாள் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தியதும் பக்கத்து வீட்டில் இரண்டு தலை எட்டிப் பார்த்தன. வெங்கடேஷ் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. கழற்றினால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

ராசம்மாள் ஆத்திரப்படுவாள், வாசலோடு விரட்டுவாள் என்று நினைத்துக்கொண்டு வந்தான். அவள் “வாங்க” என்று சொல்லி ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. ஒரு அறை விட்டிருந்தால் நிம்மதியாக வாங்கிக்கொண்டிருப்பான்.

மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. “யாரும்மா? சிரிக்கறதுக்கு வந்திருக்கறாங்களா?”

வெங்கடேஷ் ஸ்டூலில் உட்காராமல் கொல்லைப்பக்கம் நழுவினான். ருக்சானாவும் பின்னாலேயே வந்தாள். அங்கே நாலைந்து சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கத்துக் கொடிகள் மழையில் அழுகி மஞ்சளாகத் தொங்கின. இந்தப் பக்கம் மட்டும் இலை பச்சைப் பசேல் என்று இருந்தது. தண்டு பூராவும் சுண்ணாம்பு அடித்தது மாதிரி வெளுத்த பூச்சு, வெள்ளைக்குள்ளே லேசாக ஒரு நீலம்.

“என்ன தெரியுது?” என்றாள் ருக்சானா.

“இந்த வீட்டுக் கொடிக்கு மட்டும் யாரோ பவுடர் போட்டு விட்டிருக்காங்க மேடம்.” பழைய பழக்கத்தில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“பவுடர்தான். மயில்துத்தம், நீலமா இருக்கும். சுண்ணாம்போட கரைச்சு எஸ்டேட்டுல காப்பிக்கும் மிளகுக்கும் தெளிப்பாங்க. கொடி அழுகாது. விலை கூடின சரக்கு. கூலிக்காரங்க யாரும் கடையில வாங்கித் தெளிக்க மாட்டாங்க.”

ருக்சானா திரும்பி வந்து ராசம்மாளுக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்தாள்.

“ஏனுங்க, மழைத்தண்ணி நீலமா இருக்காதுங்க. துத்த டப்பாவுக்குள்ளதான பணத்த வச்சிருந்தீங்க?”

ராசம்மாள் முகம் வெளிறியது. கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டாள்.

“எங்க வக்கறதுங்க? பரண்ல வச்சா எலி. பெட்டியில வச்சா கரையான். துத்தம் வெசமுங்க, எறும்புகூடக் கிட்ட வராது. அதுக்குள்ள ஒரு பையில சுத்தி வச்சா பத்தரமா இருக்கும்னு நெனச்சேன். கூரை ஒழுகி டப்பாவுக்குள்ள தண்ணி எறங்கிருச்சுங்க. தொறந்து பாத்தா எல்லாம் நீலக் கூழு.”

“இதை நேத்தே மேனேஜர்கிட்டச் சொல்லியிருக்கலாமே?”

“துத்தம் எஸ்டேட்டுதுங்க.” அவள் கண் நிறைந்துவிட்டது. “மருந்தடிக்கற அன்னிக்கு மிச்சமிருந்தத ஒரு டப்பா எடுத்தாந்துட்டேன். கேக்காம எடுத்தேன். பணத்த நான் எடுக்கலீங்க, எம் புள்ள மேல சத்தியமா எடுக்கல. ஆனா துத்தத்த எடுத்தவ பணத்த எடுக்க மாட்டாளான்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?”

வெங்கடேஷ் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பொய் சொன்னால் பணத்தைத் திருடியவள், உண்மையைச் சொன்னால் துத்தத்தைத் திருடியவள். எந்தப் பக்கம் போனாலும் குழி, அந்தக் குழிக்குக் கொண்டுபோய் விட்டது இவன்.

“இத்தனை சிரமத்துக்கு பேங்க்லயே போட்டிருக்கலாமேங்க?” என்றாள் ருக்சானா.

“பேங்க்ல வாங்கற மாதிரி நோட்டு இல்லீங்க அது,” என்றாள் ராசம்மாள்.

“நனையறதுக்கு முன்னாடியேவா?”

“ஆமாங்க. கடையிலயே வாங்க மாட்டாங்க.” அதற்குள் கதவுக்குப் பின்னால் விசும்பல் கேட்டது. ராசம்மாள் எழுந்து போய்விட்டாள். “தீபிகா, ஒரு வாய் கஞ்சியாச்சும் குடி சாமி,” என்று கெஞ்சுவது வாசல் வரைக்கும் கேட்டது.

* * *

ஒண்டிக்கடைக்குத் திரும்பும் வரை வெங்கடேஷ் ஒரு வார்த்தை பேசவில்லை. ருக்சானாவுக்கே பயமாகிவிட்டது. அவனுக்குக் கட்டாயப்படுத்தி ஒரு டீ வாங்கிக் கொடுத்தாள். இருநூறு ரூபாய்த் தாளை நீட்டினாள்.

சையத் இப்ராஹிம் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்த மீதியில் ஒரு நூறு ரூபாய் நோட்டின் மூலையில் ஊதாக் கறை இருந்தது. வெங்கடேஷ் அதைத் திருப்பிப் பார்த்தான். என்ன செய்ய, வாய் சும்மா இருக்குமா?

“மாமா, உங்க கல்லாவுல யாரோ ஓட்டுப் போட்டுட்டுப் போயிருக்காங்க.”

“இதுவும் மாட்டிக்கிச்சா? குடு, வேற தரேன்.” மாமா அலுத்துக்கொண்டார். “எஸ்டேட்டு நோட்டுப்பா. சனிக்கிழமை சாயங்காலம் வந்து பாரு, கல்லாவே ஊதாவா இருக்கும். அந்தப் பொம்பளைங்க மைப்பேடுல பெருவிரலைத் தேச்சு ரிஜிஸ்தருல வக்கிறாங்க. ரைட்டரு, ‘அடுத்த ஆளு வா, அடுத்த ஆளு வா’ன்னு வெரட்டுவாரு. விரலைத் துடைக்க நேரம் ஏது? அதே விரலால கூலியை வாங்கிக்கிறாங்க. மேல இருக்கற நோட்டுல மை ஒட்டிக்குது. பாதிப் பேரு சேலையில துடைச்சுக்குவாங்க. இந்த ராசம்மா இருக்குதே, வாராவாரம் அப்பின நோட்டையே கொண்டாந்து நீட்டும். நான் வாங்க மாட்டேன்.”

ருக்சானாவின் டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது. “வாங்காட்டி அவங்க என்ன பண்ணுவாங்க மாமா?”

“இடுப்புல சொருகிட்டு வேற நோட்டு தரும். ‘கறை நோட்டை பேங்க்கிலயே வாங்க மாட்டான்’னு நான்தான் ஒரு நாள் சொன்னேன். அப்படியாச்சும் விரலைத் துடைச்சுக்கிட்டு வருதான்னு...” மாமா பேச்சை நிறுத்தினார். மருமகளின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார், “ஏம்மா? தப்பா சொல்லிட்டனா?”

“அவங்க அதை அப்படியே நம்பிட்டாங்க மாமா. பேங்க்ல போட வேண்டிய பணத்தைக் கொண்டுபோய் துத்தத்துக்குள்ள வச்சிட்டாங்க.”

மாமா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெங்கடேஷ் அவரை ஒருவித ஆறுதலோடு பார்த்தான். பாவத்துக்கு ஒரு கூட்டாளி கிடைத்துவிட்டார்.

“ரைட்டர் மாரிசாமியும் இங்கதான் சாமான் வாங்குவாரா?” என்றாள் ருக்சானா.

“அவரு கையில காசே எடுக்க மாட்டாரு. சம்பளம் அக்கவுண்டுல வருது. ஒரு டீக்குக்கூடப் போனைத் தூக்கி ஸ்கேன் பண்ணுவாரு. அதிசயமா, ஆவணி மாசத்துல நம்ம நவாஸ் கடையில பணமாக் குடுத்து மோட்டார் வாங்கினாரு. குப்பனூர்ல தோட்டம் வச்சிருக்காரு, போர் போட்டாராம்.”

நவாஸ், சையத் இப்ராஹிமின் மகன். பக்கத்திலேயே மோட்டார், ஒயர் கடை வைத்திருக்கிறான். ருக்சானா மட்டும் எழுந்து அங்கே போனாள். திரும்பி வரும்போது தோல் பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டே வந்தாள்.

“என்ன மேடம் கிடைச்சது?”

“உன் வாய் ஒரு நாள் கெடுத்ததை இன்னொரு நாள் சரி பண்ணுதான்னு பார்ப்போம். பேங்க்குக்குப் போலாம். ரஞ்சித்துக்கும் ரைட்டருக்கும் போன் போடு. ராசம்மாவையும் வரச் சொல்லு.”

* * *

மேனேஜர் ரூமில் நாற்காலி போதவில்லை. முதலாளி ரஞ்சித் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ராசம்மாள் கதவோரமாக, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கவிப்பிரியா டிராயரைத் திறந்து உறையிலிருந்து நீலக்கட்டியை எடுத்து மேஜையில் வைத்தாள்.

“ரைட்டர், நல்லா பாத்துச் சொல்லுங்க,” என்றாள் ருக்சானா. “ஒரு குடும்பத்து வாழ்க்கை இது. பீரோவுல இருந்து காணாமப் போன பணம் இதேதானா?”

“இதேதானுங்க. என் கையால எடுத்தாந்து வச்ச கட்டு, எனக்குத் தெரியாதுங்களா?”

“அந்தக் கட்டைப் பிரிச்சுக் கொஞ்சம் யாருக்காவது குடுத்தீங்களா?”

“இல்லீங்க. பேங்க்ல சுத்தின பட்டையே பிரிக்கல. வெள்ளிக்கிழமை வச்சேன், சனிக்கிழமை காணோம்.”

“அப்ப கூலிக்காரங்க யாரும் இந்த நோட்டைத் தொட்டிருக்க வாய்ப்பே இல்ல?”

“வாய்ப்பே இல்லீங்க!” மாரிசாமி நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்.

“நல்லது. மேடம், உங்க மைப்பேடு கொஞ்சம் குடுங்க. வெங்கடேஷ், இங்க வா. இப்ப நீ தேன்பாறையில கூலிக்காரன். கைநாட்டு.”

எப்போதும் என்றால் இதற்கு நாலு பதில் வைத்திருப்பான். இன்றைக்கு வாயை மூடிக்கொண்டு வந்து நின்றான். பேடில் பெருவிரலைத் தேய்த்து ஒரு வெள்ளைத் தாளில் வைத்தான். “ம், சீக்கிரம், அடுத்த ஆளு வா!” என்று ருக்சானா அதட்டி, இரண்டு ஐநூறு ரூபாய்த் தாள்களை நீட்டினாள். அவன் அவசரமாக வாங்கினான். மேல் நோட்டின் மூலையில் பளிச்சென்று ஊதாப் பெருவிரல்.

“இப்ப அந்தக் கட்டியப் பாருங்க. நடுவுலதான் ஒட்டிக் கிடக்கு. இந்த ஒரு மூலை நனையல, புஸ்தகம் மாதிரி விரியுது.” போனின் டார்ச்சை அடித்துக்கொண்டே, பேனா முனையால் மூலைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள். ஊதா. அடுத்ததும் ஊதா. அதற்கு அடுத்ததும்.

கவிப்பிரியா குனிந்து பார்த்தாள். “எல்லாம் ஒரே கறைன்னு நினைச்சுட்டேன்!”

“நீலத்தைப் பாத்தவங்க யாரும் ஊதாவைப் பாக்கல மேடம். இது துத்தத்துக்குள்ள போறதுக்கு முன்னாடியே பட்ட மை. வாராவாரம் கூலி வாங்கும்போது ராசம்மா விரல்ல இருந்து ஒட்டினது. கடையில வாங்க மாட்டேன்னு திருப்பின நோட்டு. அதையேதான் இவங்க சேத்து வச்சாங்க. உலகம் வேண்டாம்னு சொன்ன நோட்டா பாத்துப் பாத்துப் பொண்ணுக்குச் சேத்து வச்ச பணம் இது.” ருக்சானா திரும்பினாள். “ரைட்டர், இத்தனை வருசமா கூலி குடுக்கறவரு நீங்க. கூலி நோட்டுல மை இருக்கும்னு உங்களைவிட யாருக்குத் தெரியும்? பட்டை பிரிக்காத கட்டுல மை எப்படிங்க வந்துச்சு?”

மாரிசாமி கதவுப் பக்கம் பார்த்தார்.

“பட்டைன்னு சொன்னதும் ஞாபகம் வருது.” ருக்சானா தோல் பையிலிருந்து ஒரு காகிதப் பட்டையை எடுத்து மேஜையில் வைத்தாள். “நவாஸ் கஞ்சன். எதையும் தூக்கிப் போட மாட்டான். பத்து ரூபாய் நோட்டுகளைச் சுத்தி வைக்க இதை வச்சிருந்தான். நீங்க மோட்டார் வாங்கினப்போ குடுத்த கட்டுல இருந்தது. மேடம், இந்த சீல் உங்களுதா?”

கவிப்பிரியா எடுத்துப் பார்த்தாள். “எங்க பிராஞ்ச் சீல். எங்க கேஷியர் கையெழுத்து. தேதி...” அவள் ரஞ்சித்தைப் பார்த்தாள். “அந்த வெள்ளிக்கிழமை.”

“டீக்கும் ஸ்கேன் பண்றவரு மோட்டாருக்கு மட்டும் ஏங்க கட்டைத் தூக்கிட்டுப் போனீங்க?” என்றாள் ருக்சானா.

மாரிசாமி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். திமிறவில்லை, சத்தம் போடவில்லை. உள்ளுக்குள் எப்போதோ உடைந்துபோன ஆள்தான் போலிருக்கிறது.

“தோட்டம் காஞ்சு போச்சுங்க முதலாளி. வெள்ளாமை எடுத்து ரெண்டே மாசத்துல திருப்பி வச்சரலாம்னு நெனச்சேன். வக்க முடியல. அன்னியிலிருந்து ஒரு ராத்திரி நல்லாத் தூங்கலீங்க.” பிறகு தலையைத் தூக்கி வெங்கடேஷைப் பார்த்தார். பார்வையில் கோபமே இல்லை. “ஆனா யாரு மேலயும் பழி போடணும்னு நான் நெனக்கலீங்க. போலீசும் விட்டுட்டாங்க, அப்படியே அமுங்கிப் போயிரும்னு இருந்தேன். நேத்து இந்தத் தம்பி அந்த வார்த்தையச் சொல்லுச்சு. அத்தனை பேரும் சிரிச்சாங்க. சிரிக்கறாங்கன்னா நம்பறாங்கன்னுதானுங்க அர்த்தம்? அட, இவ்வளவு சுளுவான்னு அப்பத்தான் எனக்குத் தோணுச்சு. அது வரைக்கும் ராசம்மா நெனப்பே எனக்கு இல்லீங்க.”

வெங்கடேஷுக்குக் காதில் யாரோ ஓங்கி அறைந்தது மாதிரி இருந்தது. ஊரில் ஒரு புரளி கிளப்பியதாகத்தான் இது வரை நினைத்திருந்தான். இப்போதுதானே தெரிகிறது, திருடனுக்கு வழி சொல்லிக் கொடுத்ததே இவன்தான்!

ரஞ்சித் வெளியே போய்ப் போலீசுக்குப் போன் செய்துவிட்டு வந்தார். “ராசம்மா, நாளைக்கே வேலைக்கு வந்துருங்க,” என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

“முதலாளி, ஒண்ணு சொல்லணுங்க.” ராசம்மாள் முன்னால் வந்தாள். சொல்லாதே என்று ருக்சானா கண்ணைக் காட்டினாள். அவள் கேட்கவில்லை. “எஸ்டேட்டு துத்தம் ஒரு டப்பா நான் எடுத்தேன். மிளகுக்கொடிக்கு. கேக்காம எடுத்தது தப்புதானுங்க. கூலியில புடிச்சுக்கங்க.”

ரஞ்சித் இப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார். “விசாரிக்காம உங்கள நான் நிறுத்தினேனே, அதை எதுல பிடிக்கறது?” என்றார்.

கவிப்பிரியா மேலும் கீழும் தனியாக வந்த நோட்டுகளுக்குப் புது நோட்டு எடுத்து வைத்தாள். ஒட்டியிருந்த கட்டியை அப்படியே பொட்டலமாக்கி, ‘துத்தத்தில் நனைந்து ஒட்டியது’ என்று ராசம்மாள் சொல்லச் சொல்ல எழுதி, கைநாட்டுக்காக மைப்பேடைத் திறந்து வைத்தாள். ராசம்மாள் கைநாட்டு வைத்து முடித்ததும் கவிப்பிரியா தன் கைக்குட்டையை நீட்டினாள். “விரலைத் துடைச்சுக்கிட்டுப் பணத்தை வாங்குங்கம்மா.”

ராசம்மாள் புது நோட்டுகளை முந்தானையில் முடிந்துகொண்டு ஹாலுக்கு வந்தாள். வெங்கடேஷ் ஓடிப் போய் அவள் முன்னால் நின்றான். நேற்று நின்ற அதே இடம். நேற்றைவிடச் சத்தமாகவே பேசினான்.

“எல்லாரும் கொஞ்சம் கேளுங்க! நேத்து இந்த அக்காவ நான் திருடின மாதிரி பேசினேன். அது பொய். இது இவங்க பாடுபட்டுச் சேத்த பணம். தப்பு என்மேலதான். அக்கா, என்னை மன்னிச்சுடுங்க!”

ஹாலில் ஷிப்ட் மாறி வந்த வேறொரு செக்யூரிட்டி இருந்தார். பாஸ்புக் பிரிண்ட் போட வந்த ஒரு பெரியவர் இருந்தார். ஊர் சுற்ற வந்த ஒரு ஜோடி ஏடிஎம் எங்கே என்று கேட்டுக்கொண்டு நின்றது. நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள், விஷயம் புரியாமல்.

ராசம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

“நல்லாத்தான் சொன்ன, கண்ணு. ஆனா நேத்து சிரிச்சவங்க யாரும் இன்னிக்கு வரலியே.”

வெங்கடேஷ் வாசல் வரைக்கும் எட்டிப் பார்த்தான். நிஜமாகவே ஒருத்தரும் இல்லை.

“யார் யாருன்னு சொல்லுங்கக்கா,” என்றான். “ஒவ்வொரு ஊடாப் போய்ச் சொல்றேன்.”

“எனக்கெப்படித் தெரியும்? நான் தலையக் குனிஞ்சிட்டுல்ல நின்னேன்.”

அவனுக்குத் தெரியும். ஜோக் அடிக்கிறவன் சும்மாவா இருப்பான், யார் யார் சிரிக்கிறார்கள் என்று ஆசையாசையாகச் சுற்றிப் பார்க்க மாட்டானா? பச்சை ஸ்வெட்டர் போட்டிருந்த பால்காரர், குழந்தையை இடுப்பில் வைத்திருந்த பெண், பலாப்பழ வியாபாரி, கிளியூர் பஸ் கண்டக்டர். ஒரு முகம் விடாமல் அவனுக்கு ஞாபகம் இருந்தது.

“எனக்குத் தெரியுங்கக்கா,” என்றான். “எல்லாரையும் தெரியும்.”

ருக்சானா பைக் சாவியை அவன் சட்டைப் பையில் போட்டாள். “கணக்கு பாக்காம லீவு எடுத்துக்க,” என்று சொல்லிவிட்டு மாமா கடைப் பக்கம் நடந்தாள்.

அவன் எந்தப் பக்கம் முதலில் போவது என்று தெரியாமல் வாசலில் நின்றான். பனிக்குள் இறங்கி நாலு எட்டு போன ராசம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

“அங்கெல்லாம் அப்பறம் போலாம். மொதல்ல எங்க ஊட்டுக்கு வா சாமி. கதவுக்கு அந்தப் பக்கம் எம் புள்ள இருக்கறா, அவகிட்டச் சொல்லு.”